மூட்டைக்கு எடை உண்டு

விருத்தாசலத்திலிருந்து திருச்சி போகும் பாசஞ்சரில், செந்துறையில் ஒரு பையன் ஏறினான். பத்தாம் வகுப்பு இருக்கலாம். எதிர் சீட்டில் உட்கார்ந்ததுமே பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டான். ரயில் ஆடிய ஆட்டத்தில் இரண்டு வரிக்கு ஒரு வரி கோணல். பக்கத்து சீட்காரரின் பேப்பரை எட்டிப் பார்த்துப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. நோட்டையும் விடுவதில்லை.

3 எக்ஸ் – 2 ஒய் = 4
6 எக்ஸ் – 4 ஒய் = 13

முதல் வரியை 2ஆல் பெருக்கினான். 6 எக்ஸ் – 4 ஒய் = 8 என்று வந்தது. இரண்டாவது வரியிலிருந்து கழித்தான். எக்ஸ் போயிற்று. கூடவே ஒய்யும் போயிற்று. மிச்சம் நின்றது: 0 = 5.

பையன் அதை முறைத்துப் பார்த்தான். ரப்பரை எடுத்து அழித்தான். மறுபடி போட்டான். மறுபடியும் 0 = 5. மூன்றாவது தடவை புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி விடையைப் பார்த்தான். "தீர்வு இல்லை" என்று போட்டிருந்தது. என் பக்கம் திரும்பி, ஏமாந்துபோன குரலில் கேட்டான்:

"விடையே இல்லாத கணக்கை எதுக்கு சார் புக்குல போடறாங்க?"

நியாயமான கேள்வி. நான் அவனுக்குச் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியும், நம் பள்ளிக் கணக்குப் புத்தகம் அதற்குச் சொல்லாமல் விட்ட பதிலைப் பற்றியும்தான். செந்துறை தாலுகாவிலேயே இன்னொரு ஊர் இருக்கிறது. அதன் பேரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியும். அங்கேயும் கடைசியில் போகப்போகிறோம்.

கணக்கு என்றாலே பக்கத்தைத் திருப்புகிறவர்கள் தயவுசெய்து இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். டீக்கடைக்குப் போவோம்.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் 2 டீ, 1 வடை சாப்பிட்டார்கள். பில் 33 ரூபாய். அடுத்த பெஞ்சில் 4 டீ, 2 வடை. பில் 70 ரூபாய். டீ என்ன விலை, வடை என்ன விலை?

உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். வராது. முதல் பெஞ்சின் கணக்கை அப்படியே இரட்டிப்பாக்கினால் 4 டீ, 2 வடைக்கு 66 ரூபாய்தான் ஆகவேண்டும். 70 எப்படி வந்தது? டீ விலை எதுவாக இருந்தாலும், வடை விலை எதுவாக இருந்தாலும் இந்த இரண்டு பில்லும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. வரைபடத் தாளில் வரைந்தால் இரண்டும் இணை கோடுகளாக, தண்டவாளம் மாதிரி ஓடும். எங்கேயும் வெட்டிக்கொள்ளாது. வெட்டிக்கொள்ளும் இடம்தான் விடை. வெட்டாததால் விடை இல்லை. இவ்வளவுதான் விஷயம்.

இப்போது கவனியுங்கள். "தீர்வு இல்லை" என்று கண்டுபிடித்த மாத்திரத்தில் உங்களுக்கு ஒரு முக்கியமான சேதி கிடைத்துவிட்டது. இரண்டு பில்லில் ஒன்று தப்பு. அல்லது நமக்குச் சொல்லப்படாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால், "பார்சல் கவருக்கு 4 ரூபா சார்" என்பார். ஆக, விடை இல்லை என்பது வெறும் கையல்ல. ஆடிட்டர்கள் சம்பளம் வாங்குவதே இந்த மாதிரி விடை வராத கணக்குகளைக் கண்டுபிடிக்கத்தான்.

இதைப் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொல்லித் தருகிறார்கள்?

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 2018லிருந்து புதுசாக எழுதப்பட்டபோது வண்ணம், படம், தாள் எல்லாமே தேவலை ஆயின. கணக்குப் புத்தகத்தையும் குறை சொல்ல மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மாறிகளை வைத்துக்கொண்டு, கோடுகள் வெட்டினால் ஒரே ஒரு தீர்வு, ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் எண்ணற்ற தீர்வுகள், இணையாகப் போனால் தீர்வு இல்லை என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகள். பிளஸ் டூவில் அதே சமாசாரம் அணிகள் பாடத்தில் சூட்டுக் கோட்டு போட்டுக்கொண்டு வருகிறது. "ஒருங்கமைவு உடையது", "ஒருங்கமைவு அற்றது" என்று நல்ல தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கும். குற்றவாளி யார் என்று அதுவே சொல்லிவிடுகிறது. ஒருங்கமையாதது சமன்பாடுகள். எக்ஸும் ஒய்யும் அல்ல.

ஆனால் புத்தகம் அந்த வார்த்தையோடு நின்றுவிடுகிறது. "எனவே தீர்வு இல்லை" என்று எழுதி, அடியில் கோடு போட்டு, அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. ஏன் இல்லை, எந்த எண் காரணம், எதை மாற்றினால் வரும், மாற்றலாமா கூடாதா, இந்த மாதிரி ஒரு சங்கடம் வெளி உலகத்தில் எங்கே வரும் என்ற பேச்சே கிடையாது. நான் சொல்கிற குறை இதுதான். பிணம் கிடக்கிறது என்று பஞ்சாயத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிற தலையாரி மாதிரி.

இன்னொன்று. கதையோடு வருகிற கணக்குகளைப் பாருங்கள். அப்பா வயசு, மகன் வயசு. பேனா விலை, பென்சில் விலை. நீரோட்டத்தில் படகு. நான் படித்த காலத்திலிருந்து என் கண்ணில் பட்டவரை இவற்றுக்கு எல்லாம் சமர்த்தாக ஒரு விடை இருக்கும். அதுவும் முழு எண்ணாக இருக்கும். அப்பாவுக்கு 42 முக்கால் வயசு என்று எந்த மகனும் சொன்னதில்லை. விடை இல்லாத சமன்பாடுகள் மட்டும் கதையே இல்லாமல் வெறும் எக்ஸ், ஒய்யாக வரும். இதிலிருந்து குழந்தை கற்றுக்கொள்வது என்ன? வாழ்க்கையிலிருந்து வருகிற கணக்குக்கு எப்போதும் விடை உண்டு. வரவில்லை என்றால் தப்பு என்னிடம்.

இந்தப் பாடம் குழந்தைகள் மனசில் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கு ஒரு பிரெஞ்சு சாட்சி உண்டு. 1979 வாக்கில் கிரெனோபிள் நகரத்துக் கணித ஆசிரியர் பயிற்சி நிலையத்துக்காரர்கள் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு விஷமமான கேள்வி கேட்டார்கள். கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு. கேப்டனுக்கு என்ன வயசு? 97 பிள்ளைகளில் 76 பேர் கையில் இருந்த எண்களை வைத்து ஏதோ ஒரு வயசைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். சிரிக்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் அல்ல. கேள்வி கேட்பவர் பெரியவர், கேள்வியில் தப்பு இருக்காது என்று நம்பினார்கள். பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்த நம்பிக்கை அது.

இதை நம் ஊரில் 12ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் யோசித்திருக்கிறார்.

மறுபடி டீக்கடை. போர்டில் டீ 12, வடை 9 என்று எழுதியிருக்கிறது. பார்சல் கவர் கிடையாது. பில் 100 ரூபாய் என்கிறார். எத்தனை டீ, எத்தனை வடை? அரை டீயும் கால் வடையும் விற்பதில்லை, முழு எண்தான் வேண்டும். நீங்கள் எப்படிக் கூட்டினாலும் 100 வராது. 12ம் 3ஆல் வகுபடும், 9ம் 3ஆல் வகுபடும். ஆகவே எத்தனை டீ, எத்தனை வடை சேர்த்தாலும் மொத்தமும் 3ஆல் வகுபட்டே தீரும். 100 வகுபடாது. பில் பொய்.

இந்த ஜாதிக் கணக்குகளுக்குப் பழைய பெயர் குட்டகம். ஆரியபட்டர் 499இல் வழி சொன்னார். பிறகு 1150இல் 'லீலாவதி' எழுதிய பாஸ்கரர் இதை விவரமாக எடுத்துக்கொண்டார். மேலே சொன்ன மாதிரி வகுபடாத எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லியிருப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். போடுகிறவன் முட்டாள் என்று அவர் சொல்லவில்லை. தீர்வு இல்லை என்றுகூட நிறுத்தவில்லை. கேட்கப்பட்ட கணக்கே 'துஷ்டம்' என்கிறார். அதாவது கேள்வி கெட்டுப்போயிருக்கிறது, கேட்டவனிடம் திருப்பிக் கொடு என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் எழுந்து "சார், கேள்வி துஷ்டம்" என்று சொன்னால் பெஞ்சு மேல் நிற்க வேண்டியதுதான். 870 வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் பாஸ்கரர் அளவுக்கு வரவில்லை.

சரி, கேள்வியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாத இடம் வந்தால்?

செந்துறைப் பக்கம் முந்திரி விளைகிற பூமி. ஒரு மூட்டை முந்திரிக்கொட்டையை வீட்டுத் தராசில் போட்டீர்கள். 49 கிலோ. வியாபாரியின் தராசில் போட்டீர்கள். 51 கிலோ (நல்ல வியாபாரி!). மூட்டையின் எடை எக்ஸ் என்றால், எக்ஸ் = 49, எக்ஸ் = 51. உலகத்திலேயே மிகச் சுலபமான, தீர்வு இல்லாத சமன்பாட்டு ஜோடி இதுதான். புத்தக முறைப்படி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 0 = 2. தீர்வு இல்லை, அடிக்கோடு, அடுத்த கணக்கு.

ஆனால் மூட்டை அங்கேதானே இருக்கிறது? தூக்கிப் பாருங்கள், கை கடுக்கும். தீர்வு இல்லை என்பதால் மூட்டைக்கு எடை இல்லாமல் போய்விடவில்லை. தராசுகள்தான் ஒத்துப்போகவில்லை.

விஞ்ஞானத்தில் பாதி இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களை அளந்து கூட்டினால் 180 பாகை வரவேண்டும். நிஜமாக வயல்காட்டில் நின்று அளந்தால் இம்மி கூடும், இம்மி குறையும். 1802இல் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து லாம்ப்டன் இந்தியாவை முக்கோண முக்கோணமாக அளக்கக் கிளம்பினாரே, அவர் தினம் தினம் பார்த்தது இந்த வம்பைத்தான். 1808இல் தஞ்சாவூர் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது அவருடைய பெரிய தியோடலைட் மோதி நசுங்கியது. கருவியைப் பிரித்து நிமிர்த்தி, வட்டத்தைச் சரிசெய்து, மறுபடி அளந்தார். மலையும் கோபுரமும் இருக்கிற இடத்திலேயே இருந்தன. கருவியைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

அதே சமயத்தில் ஐரோப்பாவில், 1801 ஜனவரி 1 அன்று பியாஸி என்ற பாதிரியார் சீரிஸ் என்ற குட்டிக் கிரகத்தைக் கண்டுபிடித்துச் சில வாரங்கள் பார்த்தார். அது சூரியனுக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது. மறுபடி எங்கே வரும்? பார்த்த ஒவ்வொரு நாளும் ஒரு சமன்பாடு. ஒவ்வொன்றிலும் துளித் துளிப் பிழை. எல்லாவற்றையும் ஒருசேரத் திருப்தி செய்கிற பாதை கிடையாது. 24 வயசு காஸ் என்ற ஜெர்மானியர் கணக்குப் போட்டு இடத்தைச் சொன்னார். அந்த வருஷக் கடைசியில் ஏறக்குறைய அதே இடத்தில் சீரிஸ் சிக்கியது. இப்படிப்பட்ட முரண்படும் சமன்பாடுகளைச் சமாளிக்கிற மீச்சிறு வர்க்க முறையை 1805இல் முதலில் அச்சில் வெளியிட்டவர் பிரான்ஸின் லெஜாந்தர். "நான் 1795லிருந்தே செய்துகொண்டிருக்கிறேன்" என்று 1809இல் காஸ் எழுத, பெரிய மனிதர்களுக்குள் மனஸ்தாபம். சண்டை நமக்கு வேண்டாம். யோசனை வேண்டும்.

யோசனை இதுதான். எல்லாச் சமன்பாட்டையும் திருப்திப்படுத்த முடியாவிட்டால், ஒவ்வொன்றிலும் எவ்வளவு பிசகுகிறதோ அதை வர்க்கப்படுத்திக் கூட்டு. அந்தக் கூட்டுத்தொகை எங்கே குறைவாக வருகிறதோ அதை எடுத்துக்கொள். மூட்டைக்கு 49 என்று வைத்தால் பிசகு 0, 2. வர்க்கம் கூட்டினால் 4. 50 என்று வைத்தால் பிசகு 1, 1. கூட்டினால் 2. ஆகவே 50. ஒரு தராசு மட்டும் நம்பகமானது என்றால் அதற்கு எடை கூட்டிக் கொடுக்கலாம். ஒரு தராசு உடைந்தே போயிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மூன்று வழியிலும் மூட்டை மேல் யாரும் பழி போடவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இப்போது நான் சொன்ன இன்னொரு ஊருக்கு வருகிறேன். குழுமூர். செந்துறை தாலுகா, அரியலூர் மாவட்டம்.

அனிதாவின் கதை உங்களுக்குத் தெரியும். அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி. அம்மா முன்பே காலமாகிவிட்டார். 2017 மே 12 அன்று வந்த பிளஸ் டூ முடிவில் 1200க்கு 1176. இயற்பியல் 200, வேதியியல் 199, உயிரியல் 194, கணக்கு 200. அந்தக் காலத்து மருத்துவக் கட்-ஆஃப் என்பதே ஒரு நேரிய சமன்பாடுதான். உயிரியலில் பாதி, இயற்பியலில் கால், வேதியியலில் கால். போட்டுப் பாருங்கள். 97 + 50 + 49.75 = 196.75. 200க்கு இவ்வளவு. முந்தைய வருஷ முறைப்படி என்றால் வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது தராசு நீட். அது மே 7 அன்றே நடந்து முடிந்திருந்தது. முடிவு ஜூன் 23. அதில் அனிதாவுக்கு 720க்கு 86. தகுதிக் கோட்டைத் தொடவில்லை. ஒரு தராசில் 98 சதவீதம், இன்னொன்றில் 12 சதவீதம். இரண்டு சதவீதங்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். நீட்டில் தப்பான விடைக்கு மார்க் கழியும், மார்க் போடுகிற முறையே வேறு. ஆனாலும் ஒரே பெண், ஒரே ஆண்டு, ஏறக்குறைய ஒரே மாதம். எக்ஸ் = இது, எக்ஸ் = அது.

இதோடு இன்னொரு குழப்பம். எந்தச் சமன்பாடு அந்த ஆண்டுக்குச் செல்லும் என்பதே கடைசிவரை தெரியாது. பிப்ரவரியில் சட்டமன்றம் நீட் விலக்கு மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதி ஒப்புதல் வரவில்லை. ஆகஸ்டில் ஓராண்டு விலக்குக்கு அவசரச் சட்டம் என்றார்கள். மத்திய அரசும் கைகொடுப்பதாகப் பேச்சு வந்தது. உச்ச நீதிமன்ற வழக்கில் அனிதாவும் தன்னைச் சேர்த்துக்கொண்டார். ஆகஸ்ட் 22 அன்று, நீட் பட்டியல்படிதான் சேர்க்கை என்று முடிவாயிற்று. பரீட்சை எழுதி மூன்றரை மாசம் கழித்து, எந்தப் பரீட்சை என்று சொன்னார்கள். செப்டம்பர் 1 அன்று 17 வயசில் அனிதா தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஒரு பெண்ணின் மரணத்தை ஒற்றைக் காரணத்துக்குள் அடக்குகிற தைரியம் எனக்கு இல்லை. அது கணக்கல்ல. ஆனால் அதற்குப் பிறகு நாம் போட்ட வாதங்களை விமர்சிக்க உரிமை உண்டு. ஒரு கோஷ்டி, "86 வாங்கியவர் எப்படி டாக்டராக முடியும், 1176 வெறும் மனப்பாடம்" என்றது. இன்னொரு கோஷ்டி, "1176தான் உண்மை, 86 சதி" என்றது. இரண்டு கோஷ்டியும் செய்தது ஒன்றுதான். ஒரு சமன்பாட்டை அடித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொண்டது. அப்படிச் செய்தால் யாருக்கும் விடை வரும். கஷ்டமே இல்லை.

உண்மையில் இரண்டு தராசிலும் கோளாறு இருந்தது. பிளஸ் டூ தராசில், பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தையே தாண்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்தன. கேள்விகள் புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்தே வந்தன. நூற்றுக்கு நூறு என்பது திருவிழா மாதிரி ஆயிற்று. நீட் தராசில், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைகள் பார்க்காத புத்தகத்தை ஒட்டி, 3 மணி நேரத்தில் 180 கேள்வி. கோச்சிங்குக்குப் பணமும், இரண்டாவது வருஷம் உட்கார்ந்து படிக்க வசதியும் உள்ளவர்களுக்கு அது இன்னும் தோதாக அமைந்தது. நாடு முழுக்க ஒரே தராசு, நன்கொடைக் கொள்ளைக்குக் கடிவாளம் என்று நீட்டுக்குச் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. ஆனால் தராசு ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. எல்லோருக்கும் சமமாக நிற்கவும் வேண்டும்.

இரண்டையும் சேர்த்து எடை போடலாம் என்ற யோசனையாவது வந்ததா? நமக்கு அது புதுசல்ல. 1984லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300க்குக் கட்-ஆஃப் பார்த்தார்கள். 2007இல் அதை எடுத்தார்கள். 2013 முதல் 2016 வரை என்.ஐ.டி. சேர்க்கையிலும் நுழைவுத் தேர்வுக்கு 60, பள்ளி மார்க்குக்கு 40 என்று பங்கு வைத்தார்கள். இந்த முறைகளில் குறை இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளை நுழைவுத் தேர்வு தள்ளிவிடுகிறது என்றுதான் இங்கே எடுத்ததே. நான் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. முரண்படும் இரண்டு அளவைகளுக்கு நடுவில் வழி தேடுவது மனிதர்களால் ஆகிற காரியம் என்று மட்டும் சொல்கிறேன். 2017இல் தேட நேரம் கொடுக்கப்படவில்லை.

பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 2017–18லிருந்து பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1200 போய் 600 ஆயிற்று. 2018லிருந்து புதுப் பாடத்திட்டம். 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021இல் நீதிபதி ஏ.கே.ராஜன் குழு, மறுபடி மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்பியதும் 2022 பிப்ரவரியில் இரண்டாம் முறையாக நிறைவேற்றம். ஜனாதிபதி ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் தெரிவித்தார். 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. அடுத்த வருஷம் அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர் வைத்தார்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனித்தீர்களா? மாற்றப்பட்டது எல்லாமே சமன்பாடுகள். மார்க் முறை, பாடத்திட்டம், ஒதுக்கீடு, கல்லூரி இருக்கும் இடம். குழுமூர்ப் பெண்களின் மூளையை யாரும் மாற்றவில்லை. அவர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். தப்பு எக்ஸிடம் இல்லை என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரிதான் இது. என்ன, காலம் தாழ்ந்து.

அதனால்தான் ஒரு சின்னப் பாடத்தைப் பற்றி இவ்வளவு நீட்டினேன். பள்ளியில் 'தீர்வு இல்லை' என்பதை ஓர் அவமானமாக, ரப்பரால் அழிக்க வேண்டிய ஒன்றாகவே கற்றுத் தருகிறோம். பதினைந்து வயசில், இந்த வரிகள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை, இது என் பிசகல்ல என்று சொல்லத் தெரிந்துகொண்ட பிள்ளை, பதினேழு வயசில் வருகிற பெரிய கணக்கின் முன் கொஞ்சமாவது நிமிர்ந்து நிற்கும். ஒரு ஜோடிச் சமன்பாட்டுக்கு விடை இல்லை என்றால் அந்த ஜோடிக்குத்தான் இல்லை. எக்ஸ் வேறு நூறு சமன்பாடுகளில் இருக்கிறது. உங்கள் வீட்டில் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை இருந்தால் இதை இன்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். புரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

பாடநூல் எழுதுகிறவர்களுக்கு என் விண்ணப்பம் ஒரு வரிதான். 'தீர்வு இல்லை' என்று வருகிற ஒவ்வொரு கணக்கின் அடியிலும் இன்னொரு கேள்வி சேருங்கள்: எந்த எண்ணை மாற்றினால் தீர்வு வரும்? பக்கம் கூடாது. செலவு ஆகாது.

ரயிலில் அந்தப் பையனிடம் நான் கேட்டதும் இதைத்தான்.

"தம்பி, அழிக்காதே. 0 = 5 சரிதான். எந்த நம்பரை மாத்தினா இது சரியாகும், சொல்லு பார்ப்போம்?"

கொஞ்ச நேரம் யோசித்தான். வெளியே முந்திரித் தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. "13ஐ 8ஆ மாத்திட்டா சரியாயிடும் சார். அப்ப ரெண்டும் ஒரே கோடு. நிறைய விடை வரும்" என்றான். இன்னும் கொஞ்சம் யோசித்து, "இல்லாட்டி அந்த 4 ஒய்யை 5 ஒய்யா மாத்தலாம். அப்ப ஒரே ஒரு விடை வரும்" என்றான். கெட்டிக்காரன்.

அரியலூர் வந்தது. நோட்டைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தவன், வாசல்வரை போய்விட்டுத் திரும்பி நின்று கேட்டான்:

"சார், ஆனா அந்த 13ஐ யார் போட்டது?"

பதில் சொல்வதற்குள் இறங்கிவிட்டான்.